ஏரிக்கரையில் பக்கத்து அறை

அம்மா இறந்தபோது நான் அழவில்லை. அதை ஒரு குறையாக மற்றவர்கள்தான் சொன்னார்கள், எனக்குத் தோன்றவில்லை. பினாங்குத் தீவின் பத்து லஞ்சாங் மின்சுடலையில் பெட்டி உள்ளே போனபோது சின்னம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அழுதுரும்மா. உள்ளுக்குள்ளயே வச்சிருந்தா ஒடம்புக்கு ஆவாது" என்றார். அப்போது மணி இரண்டு என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. இரண்டு மணிக்கு அம்மாவை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்.

அதற்கு ஏழு வருடங்களுக்கு முன் அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. நான் அப்போது பாயான் பாருவுக்குப் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். வேலையை விட்டேன். கல்யாணம் ஆகாதவள், சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் அம்மாவோடு இருந்தவள் என்பதால் அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசக்கூட இல்லை. அது தானாகவே முடிவாகிவிட்டது.

என் தம்பி கடலுக்கு அப்பால் பத்து காவானில் இருந்தான், அங்கே ஒரு தொழிற்சாலையில் மேலாளர். இரண்டாவது பாலத்தைத் தாண்டி வந்தால் முக்கால் மணி நேரத்தில் எங்கள் வீடு. மாதத்துக்கு ஒருமுறை வருவான். சில மாதங்களில் வேலை என்பான், அதுவும் இல்லை. வந்தால் கை நிறையச் சாமான் வாங்கி வருவான்: பாம்பர்ஸ் கட்டுகள், டியூபில் ஊற்றும் பால்மாவு டின்கள், ஈரத் துணிப் பொட்டலங்கள். அம்மாவின் கால்மாட்டில் நின்று, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று சத்தமாகக் கேட்பான். அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். பத்து நிமிடம் நிற்பான், கைத்தொலைபேசியைப் பார்ப்பான், போய்விடுவான்.

காரியங்கள் எல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். இறப்புச் சான்றிதழ் விஷயமாக ஓர் அலுவலகத்துக்கு என்னை அழைத்துப் போனான். திரும்பி வரும்போது காரில் கேட்டான்.

"அக்கா, எங்கயாச்சும் போய்ட்டு வரலாமா? நீ ஏழு வருஷமா தீவ விட்டே வெளியாகல."

நான் யோசிக்காமல் சொன்னேன். "அம்மா எப்படி இருக்காங்கன்னு யாரும் கேக்காத ஊரா இருந்தா போலாம்."

அது உண்மைதான். பாசாரில் பாதிப் பேருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கறிவேப்பிலை விற்கும் அக்கா கேட்பார், மீன் வெட்டும் சீனர் கேட்பார். நான் சொல்வேன். அவர்கள் கண் கலங்குவார்கள். நான் அவர்களைத் தேற்றிவிட்டு வீட்டுக்கு வருவேன்.

தம்பி அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டான். இரண்டு வாரம் கழித்து வந்து கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். மலை, அதன் அடியில் ஏரி, ஏரிக்கரையில் சிவப்பு ஓட்டு வீடுகள்.

"வட மாசிடோனியா. கிரீஸ் இருக்குல்ல, அதுக்கு மேல. சின்ன நாடு. விசா வேணாம். நம்ம ஆளுங்க யாருமே போறதில்ல."

"நீ எதுக்கு வர்ற?"

"நீ தனியாவா போவே?"

அவன் மனைவி மகளின் பரீட்சையைச் சொல்லி, "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க அண்ணி" என்றுவிட்டாள். எதிர்வீட்டு அக்காவிடம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியைக் கொடுத்தபோது அவர், "மாசிடோனியாவா? என்னாலா அது, மருந்து பேரு மாதிரி இருக்கு? ஏரி பாக்கணும்னா தைப்பிங் போலாமே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று நினைத்தேன். ஆனால் தைப்பிங்கில் அம்மாவைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

இஸ்தான்புல்லில் விமானம் மாறி ஸ்கோப்யேவில் இறங்கினோம். தம்பி கார் வாடகைக்கு எடுத்தான். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடின. முதல் அரை மணி நேரம் அவன் பேசவே இல்லை. ஒவ்வொரு சந்திப்பிலும், "வலது, வலது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் பள்ளிப் படிப்பை முடித்த பிறகு நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. அவனுக்கு நாற்பத்தொன்பது, எனக்கு ஐம்பத்து மூன்று.

மூன்று மணி நேரத்தில் ஓஹ்ரிட் வந்தது. ஒரு வளைவில் திரும்பியதும் ஏரி முழுசாகத் தெரிந்தது. தம்பி வண்டியை ஓரம் கட்டினான். இறங்கி நின்றோம். செப்டம்பர் மாத வெயில் சுடவில்லை. தண்ணீர் கரையோரம் பச்சையாகவும் நடுவில் அடர் நீலமாகவும் இருந்தது. எதிர்க்கரையில் வேறொரு நாட்டின் மலைகள் புகைபோல நின்றன. நம் பக்கத்துக் கடல் போலக் கலங்கல் இல்லை. மண் இல்லாத தண்ணீர். படத்தில் பார்த்ததைவிட நேரில் நன்றாக இருந்தது; அப்படி அமைவது அபூர்வம் என்பதும் எனக்குத் தெரிந்தது.

"எப்படிக்கா?" என்றான் தம்பி.

"அழகா இருக்கு" என்றேன்.

தரப் பரிசோதனையில் ஒரு பொருள் தேறிவிட்டது என்று எழுதுவது போலத்தான் அதைச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு படம் எடுக்கப் போய்விட்டான்.

நாங்கள் தங்கியது பழைய ஊரின் மேட்டுச் சந்து ஒன்றில், ஒரு வீட்டின் மாடியில். இரண்டு சின்ன அறைகள், ஏரியைப் பார்த்த ஒரு பால்கனி. வீட்டுக்காரம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். மீதியைக் கையால் பேசுவார். வந்த உடனே மண்சட்டியில் சுட்ட பீன்ஸும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். மலேசியா என்றதும் கைகளால் ஒரு நீண்ட தூரத்தைக் காட்டி, "ஓ!" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

என் அறையில் படுக்கையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். அப்போதுதான் சுவர் வழியாக அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய இரைச்சல், நடுவே ஒரு சின்ன 'டொக்', மறுபடி இரைச்சல். வேறு யாராக இருந்தாலும் குளிர்பெட்டி என்று நினைத்திருப்பார்கள். நான் ஏழு வருடம் அதன் பக்கத்தில் படுத்தவள். அது காற்று மெத்தையின் மோட்டார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு முதுகில் புண் வராமல் இருக்க, மெத்தைக்குள் காற்றை மாற்றி மாற்றி அடைக்கிற மோட்டார்.

உலகத்தில் இத்தனை வீடுகள் இருக்க இந்த வீடா என்று நான் திடுக்கிட்டிருக்க வேண்டும். திடுக்கிடவில்லை. பக்கத்து அறையில் ஒருவர் படுத்திருக்கிறார் என்று மட்டும் தெரிந்துகொண்டேன். தம்பியிடம் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு நாள்களும் சுற்றிப் பார்ப்பவர்கள் செய்வதையெல்லாம் செய்தோம். ஏரியின் தென்கோடியில் ஊற்றுகள் இருந்தன. துடுப்புப் படகில் அதன்மேல் கொண்டுபோனார்கள். அடியில் மணல் கொதிப்பது போலக் குமிழிகள் மேலே வந்தன. படகுக்காரர் ஒரு கோப்பையை முக்கி அந்தத் தண்ணீரை எனக்குக் குடிக்கக் கொடுத்தார். குடித்தேன். குளிர்ச்சியாக இருந்தது. தம்பி எல்லாவற்றுக்கும், "பாருக்கா, பாரு" என்றான். பார்த்தேன். ஆனால் என் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. அந்தந்த நேரத்துக்கு, எங்கிருந்தாலும், கைகள் சும்மா இருக்க மாட்டேன் என்றன. பையைத் திறந்து மூடுவேன். சால்வையை மடித்து மறுபடி விரிப்பேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் பால்கனியில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரம்மா மூச்சிரைக்கப் பால்கனிக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார், ஆண்பிள்ளை என்பதால். "மிஸ்டர், ப்ளீஸ். மை ஹஸ்பண்ட். டவுன், டவுன்" என்று கையால் சறுக்கிக் காட்டினார்.

தம்பி அவர் பின்னால் போனான். நானும் போனேன். பக்கத்து அறையின் கதவு திறந்திருந்தது. பெரிய உடம்புக்காரர், நரைத்த மீசை. கட்டிலில் கால்மாட்டுக்குச் சறுக்கி, கால்கள் கட்டில் சட்டத்தில் முட்டி மடங்கக் கிடந்தார். வழக்கமாக உதவிக்கு வரும் மருமகன் வெளியூர் போயிருக்கிறார் என்பது வீட்டுக்காரம்மாவின் கைகளிலிருந்து புரிந்தது. தம்பி வாசற்படி வரை போய் நின்றுவிட்டான். அந்த அறையில் எனக்கு நன்றாகத் தெரிந்த வாடை இருந்தது: பவுடர், மருந்து, அதற்கு அடியில் இன்னொன்று. தம்பியின் கை நிலையைப் பிடித்திருந்தது. உள்ளே போகவில்லை.

நான் அவனைத் தாண்டி உள்ளே போனேன்.

"ஐயா, உங்களை மேல தூக்கப் போறோம். பயப்படாதீங்க" என்று அவரிடம் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவர் விட்டத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். தலையணையை எடுத்தேன். அடியில் விரித்திருந்த துணியின் ஓரத்தைச் சுருட்டி இறுக்கிப் பிடித்தேன். எதிர்ப்பக்கம் வீட்டுக்காரம்மாவும் அப்படியே பிடித்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன். அந்த அம்மாவுக்கு எண்ணிக்கை புரிந்தது. ஒரே தூக்கில் அவர் கணவர் மேலே வந்துவிட்டார். பிறகு அவர் இடது முட்டியை மடக்கி, ஒரு கை இடுப்பில், ஒரு கை தோளில் வைத்து, பக்கவாட்டில் திருப்பினேன். முதுகைப் பார்த்தேன். முதுகு நன்றாக இருந்தது. அந்த அம்மா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வலது குதிகாலில் மட்டும் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினேன். வெளுக்கவில்லை. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணையை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்து, அடியில் என் கையை நுழைத்துக் காட்டினேன். வீட்டுக்காரம்மாவும் கையை நுழைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு அவர் என்னைப் பார்த்து, "நர்ஸ்?" என்று கேட்டார்.

"டாட்டர்" என்றேன், மகள் என்று.

வெளியே வந்தபோது மணி நாலேகால். என் கைகள் அமைதியாக இருந்தன. தம்பி பால்கனிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தினமும் இப்படியாக்கா?"

"ஒரு நாளைக்குப் பன்னெண்டு தடவ."

அவன் பால்கனிச் சுவரிலிருந்து கையை எடுத்தான்.

மறுநாள் மலைமேல் போனோம். ஓஹ்ரிட்டுக்கும் ப்ரெஸ்பா என்ற இன்னோர் ஏரிக்கும் நடுவே ஒரு பெரிய மலை. சாலை வளைந்து வளைந்து ஏறியது. மரங்கள் குறைந்து, பிறகு வெறும் பாறையும் புல்லுமாக ஆனது. உச்சியில் வண்டியை நிறுத்தினான். அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை. காற்று மட்டும் பலமாக அடித்தது. கொஞ்சம் ஏறிப் போய் நின்றால் ஒரு பக்கம் நாங்கள் விட்டு வந்த ஏரி, மறுபக்கம் இன்னொன்று, வெளிறிய நீலத்தில், நடுவே ஒரு தீவோடு.

நான் பாறைமேல் உட்கார்ந்தேன். அவன் நின்றுகொண்டே பேச ஆரம்பித்தான்.

"நான் வேலைன்னு சொன்னதெல்லாம் பொய்க்கா."

நான் சால்வையை இழுத்துப் போர்த்தினேன்.

"பாலம் தாண்டி வருவேன். பிளாட்டுக்குக் கீழ காடிய நிறுத்துவேன். மேல வர முடியாது. அந்த வாடை, அம்மா பாக்கற பார்வ... நீ, கொஞ்சம் புடின்னு சொல்லிருவியோன்னு பயம். அரை மணி நேரம் உக்காந்துட்டுத் திரும்பிப் போயிருவேன். வீட்ல போய், அம்மாவப் பாத்துட்டு வந்துட்டேன்னு சொல்லுவேன். ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல."

"தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"நாலாவது மாடியிலருந்து கீழ நிக்கிற காடி தெரியாதா? துணி காயப்போடும்போது பாத்திருக்கேன். உள்ள லைட்டு போட்டு போன் பாத்துக்கிட்டு இருப்பே."

அவன் முகம் மாறியது. அடித்திருந்தால்கூட அப்படி மாறியிருக்காது.

"ஏன்கா கேக்கல? ஒரு தடவயாச்சும் போன் போட்டுத் திட்டியிருக்கலாம்ல?"

"கேட்டா நீ மேல வருவே. வந்தா உன் மூஞ்சியப் பாத்து நான் சமாதானம் சொல்லணும். எனக்கு நேரம் இல்லடா."

அதை நான் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அதுதான் காரணம். ஆனால் அதைக் கேட்டதும் அவன் அப்படியே புல்லில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். ஐம்பதைத் தொடப்போகிற ஆண் வாய்விட்டு அழும் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "மன்னிச்சிருக்கா, மன்னிச்சிரு" என்றான். நான் பையிலிருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன். "பரவால்ல" என்றேன். அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. மன்னிப்பதற்கு உள்ளே எதையோ தேடினேன்; மன்னிக்காமல் இருப்பதற்கும் தேடினேன். இரண்டும் அகப்படவில்லை. அவனால் அழ முடிகிறதே என்று மட்டும் இருந்தது. மேகம் ஒன்று வந்து தூரத்து ஏரியின் பாதியை இருட்டாக்கிவிட்டுப் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கி ப்ரெஸ்பா ஏரிக்குப் போனோம். அந்த ஏரி வற்றிக்கொண்டு வருகிறது. பழைய கரையில் படகு கட்டும் மரத்தூண்கள் காய்ந்த தரையில் நின்றன. தண்ணீர் தொலைவில் இருந்தது. ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடத்தில் நாணலுக்கு நடுவே நடந்தோம். வழியில் ஆப்பிள் தோட்டங்கள்; சாலையோரத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார்கள். ஒரு கிழவர் விலை சொல்லாமல் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். தம்பி கண்கள் வீங்கியிருக்க, காரில் சாய்ந்து நின்று தின்றான். புளிப்பும் இனிப்புமாக நல்ல ஆப்பிள்.

அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு நாங்கள் வீடு திரும்பிவிடுவோம். யாரும் சொல்லவில்லை, அப்படி ஆகிவிட்டது. நான் கீழே செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்காரம்மா பக்கத்து அறையில் துணியைச் சரிசெய்யும் சத்தம் கேட்கும். இருவரும் சேர்ந்து அவரைத் திருப்புவோம். பிறகு அந்த அம்மா கெட்டியான காப்பி போட்டுத் தருவார். பேச்சு கையால்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நான் உள்ளே போனபோது தம்பி எனக்கு முன்னால் போய்க் கட்டிலின் மறுபக்கம் நின்றான். வீட்டுக்காரம்மா ஒதுங்கி இடம் கொடுத்தார். அவன் துணியின் ஓரத்தைப் பிடித்தான்.

"இழுக்காத. தூக்கு. இழுத்தா தோல் உரிஞ்சிரும்" என்றேன்.

தூக்கினான். முட்டியை மடக்கச் சொன்னேன், மடக்கினான். திருப்பச் சொன்னேன், திருப்பினான். அவன் நெற்றியிலிருந்து வேர்வை கட்டில் விரிப்பில் சொட்டியது. படுத்திருந்தவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவனும் கையை உருவிக்கொள்ளவில்லை. குனிந்தபடி அப்படியே நின்றான்.

அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. யாரோ ஒருவருக்கு, பெயர்கூடத் தெரியாதவருக்கு, இவ்வளவு தூரம் வந்து இதைச் செய்கிறான். அம்மாவின் கையை இவன் எப்போது இப்படிப் பிடித்தான்? அறையை விட்டு வெளியே வந்து படிகளில் உட்கார்ந்தேன். கை விரல்கள் சூடாக இருந்தன. அம்மா போன பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அது துக்கமாக இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள நன்றாக இருந்திருக்கும். கோபமாகத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் அதுவும் இறங்கிவிட்டது. தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

கடைசி நாள் காலை தனியாக ஏரிக்குப் போனேன். பேண்டை முட்டி வரை சுருட்டிக்கொண்டு இறங்கினேன். கூழாங்கற்கள் கால்களுக்கடியில் தெரிந்தன, விரல்களுக்கு நடுவே ஊசி போன்ற மீன்களும். குளிர் எலும்பு வரை ஏறியது. நின்றேன். ஏதாவது நடக்குமா என்று பார்த்தேன். குளிர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் குளிர்கிறது என்று தெரிந்தது.

விடைபெறும்போது வீட்டுக்காரம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஒரு சீசாவில் சுட்ட சிவப்பு மிளகாய் விழுது கொடுத்தார். அவர் முதுகை நான் தட்டிக்கொடுத்தேன்.

பினாங்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான், படியேறி மேலேயே வருகிறான். வந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை. தொலைக்காட்சி பார்க்கிறோம். சில நேரம் அம்மாவைப் பற்றி ஏதாவது கேட்கிறான்: கடைசியில் பேச முயற்சி செய்தார்களா, என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒருமுறை, "என்னையத் தேடினாங்களா?" என்று கேட்டான். தேடினார்கள் என்றேன். அது உண்மை. அவனுக்காக அதை மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

போன மாதம் நான் மறுபடி வேலைக்குச் சேர்ந்தேன். பழைய இடம் இல்லை, வேறு தொழிற்சாலை, ஆனால் அதே வேலை. நேர்காணலில் ஒரு சின்னப் பெண் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, நடுவில் ஏழெட்டு வருடம் காலியாக இருக்கிறதே, என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டேன் என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "இப்ப எப்படி இருக்காங்க ஆண்ட்டி?" என்றாள்.

"எறந்துட்டாங்க" என்றேன். குரல் கொஞ்சம் கம்மியது. அவள் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். இரண்டு மிடறு குடித்துவிட்டு அடுத்த கேள்வி என்ன என்று கேட்டேன்.